பேச்சைக் கீழே வைத்தல்

2005-ஆம் ஆண்டு, சியோல் நகரின் சின்சோன் பகுதி. ஒரு காபிக்கடையின் மாடியில் சனிக்கிழமைதோறும் நானும் ஒரு கொரியரும் உட்காருவோம். ஒரு மணி நேரம் ஆங்கிலம், ஒரு மணி நேரம் கொரிய மொழி. அவருக்குப் பதவி உயர்வுக்கு டோயிக் ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் வேண்டும். எனக்கு என் ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். பணம் கைமாறாது.

முதல் நாள் அவர் என் வயதைத்தான் கேட்டார். பிறந்தநாள் நவம்பரில் என்பதால் 27 என்றேன். பிறந்த ஆண்டைக் கேட்டு, நோட்டில் 2005-இலிருந்து 1977-ஐக் கழித்து, ஒன்றைக் கூட்டி, 29 என்று எழுதி வட்டமிட்டார். பிறக்கும்போதே ஒரு வயது, பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று. அவர் எனக்கு ஓராண்டு மூத்தவர். ஆகவே அவர் எனக்கு ‘ஹியோங்’, அதாவது அண்ணன். யார் பெரியவர் என்று தெரியாமல் அந்த மொழியில் ஒரு வினைச்சொல்லை முடிப்பதே சங்கடம் என்பதை அந்த வட்டத்தில்தான் கற்றேன்.

2023 ஜூன் 28 முதல் சட்டப்படி அந்தக் கணக்கு இல்லை. மற்ற நாடுகளைப் போலத்தான் வயது. ஆனாலும் புதிதாகச் சந்திப்பவர்கள், எந்த வருஷம் பிறந்தீர்கள் என்று இன்றும் கேட்கத்தான் செய்கிறார்கள்.

2005-இல் நான் கொரிய மொழி படிக்கிறேன் என்றால் கொரியர்களே “எதற்கு?” என்பார்கள். கொரிய மொழித் திறனுக்கான டோபிக் தேர்வு 1997-இல் தொடங்கியபோது விண்ணப்பித்தவர்கள் சுமார் 2,700 பேர். 2023-இல் விண்ணப்பித்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். 2007-இல் 3 நாடுகளில் கொரிய மொழி கற்பிக்கும் செஜோங் நிலையங்கள் 13 இருந்தன. 2024-இல் 88 நாடுகளில் 256. திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் அண்ணன் மகள், இரவில் செல்போன் செயலியில் பூசான் நகரத்துப் பெண்ணோடு பேசுகிறாள். கொரியாவில் கால் வைத்ததில்லை. என் உச்சரிப்பைத் திருத்துகிறாள், சரியாகவே திருத்துகிறாள். எனக்கு அந்த ஊருக்குப் போனால்தான் கிடைத்தது, அவளுக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடி கிடைக்கிறது. இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் காபிக்கடை மேஜையில் நடந்த ஒன்றை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஹியோங் ஆங்கிலத்தில் பேசும்போது “நம் அம்மா” என்ற பொருளிலேயே சொல்வார். வீட்டுக்கு ஒரே பிள்ளை அவர். “என் அம்மா” என்று மூன்று முறை திருத்தினேன். நான்காம் முறை திருத்த வாயெடுத்தவன் நிறுத்திவிட்டேன். நானும் வீட்டில் ‘எங்கம்மா’ என்றுதானே சொல்கிறேன்? அதை நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் மின் அகராதியை மூடி வைத்துவிட்டு, “உரி ஒம்மா” என்று தம் மொழியில் மெதுவாகச் சொன்னார். அப்பாவுக்கு அவர்களும் ‘அப்பா’ என்றே சொல்கிறார்கள். அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அன்று மாலை எங்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. ஆங்கில மணி நேரம் முடிந்ததே தெரியவில்லை.

அண்ணன் மகளின் திரையில் அதே சொற்றொடர் வந்தது. தட்டினாள், மொழிபெயர்ப்பில் “என் அம்மா” என்று வந்தது. பிழையில்லை. அடுத்த செய்திக்குப் போய்விட்டாள்.

மரியாதை விகுதிகளை விட்டுவிட்டு நீ, வா, போ என்று பேசத் தொடங்குவதைக் கொரிய மொழியில் ‘பேச்சைக் கீழே வைப்பது’ என்கிறார்கள். பொதுவாக மூத்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். பூசான் தோழி அண்ணன் மகளைவிட நான்கு மாதம் மூத்தவள்; இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். ஹியோங் ஐந்து மாதம் கழித்துச் சொன்னார், காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு. நான் தலையாட்டினேன், பேச வாய் திறந்தேன், பழைய ‘யோ’ விகுதியே வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். அது என் நாக்கை விட்டு இறங்க இன்னும் இரண்டு சனிக்கிழமை ஆயிற்று.