தாய்க்கு மாத்திரை என்றால் பிள்ளைக்குப் பட்டினியா?

சிசேரியன் முடிந்து வீடு திரும்பும் பெண்ணிடம் ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, இரும்புச்சத்து என்று நாலைந்து அட்டைகளாவது இருக்கும். 'இதெல்லாம் பாலில் இறங்கிடும்டி, பிள்ளைக்குக் கொடுக்காதே' என்பார் ஒரு பெரியம்மா. மறுநாளே பால் பாட்டில் வந்துவிடும். இங்கே மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும்; அதற்கும் ஒரு மாத்திரை. இன்னும் சிலர் பாலைக் கொடுத்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள்.

பெரியம்மா சொல்வது பொய்யில்லை. ஏறக்குறைய எல்லா மருந்தும் பாலில் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் விஷயம். தாயின் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு மருந்து, பால் வழியே பிள்ளையின் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். இரண்டாவது, முதலாவதில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. பாரசிட்டமால், அமாக்சிசிலின் இந்த வரம்புக்குள் வருகின்றன. இபுப்ரூஃபன் 1 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. தைராய்டு மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தவே கூடாது.

காசநோய் மருந்தில்தான் பயம் அதிகம். ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகும். பாலிலும் அந்தச் சாயல் தெரியலாம். பார்த்ததும் பதறிப்போய் மாத்திரையை நிறுத்தினால் வினைதான். இந்த நோய் பால் வழியாகப் பரவுவதில்லை, இருமல் வழியாகப் பரவுகிறது. பாலில் போகும் துளி மருந்து பிள்ளையைக் காக்கவும் போதாது. அதற்குத் தடுப்பு மருந்தை டாக்டர் தனியாகத் தருவார்.

நிஜமாகவே பயப்பட வேண்டியவையும் உண்டு. புற்றுநோய்க்கான கீமோ மருந்துகள், தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் என்றால் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள். வலி மருந்துகளான கோடீன், டிராமடால் இரண்டையும் பாலூட்டும் தாய்மார் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. சிலருடைய உடல் இவற்றை வீரியமான பொருளாக வெகுவேகமாக மாற்றிவிடும். அது பால் வழியே போனால் பிள்ளை எழுப்பினாலும் எழாமல் தூங்கும், மூச்சு மந்தமாகும். ஒரு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் ஆபத்து கூடுதல். சில சளி மாத்திரைகளில் உள்ள சூடோஎபிட்ரின் பிள்ளையைவிடப் பாலைத்தான் அதிகம் பாதிக்கும்: சுரப்பு குறைந்துவிடும்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஆய்வு போதாத மருந்துக்கெல்லாம் 'பாலூட்டும்போது தவிர்க்கவும்' என்று அச்சிடுவது கம்பெனிக்குப் பாதுகாப்பு. மெடிக்கல் ஷாப்பில் 'யாருக்கு?' என்று கேட்பதே அபூர்வம். நீங்களே 'பால் கொடுக்கிறேன், பிள்ளைக்கு இத்தனை நாள்' என்று சொல்லிவிடுங்கள். டாக்டரும் தயங்கினால் 'லாக்ட்மெட்' பார்க்கச் சொல்லலாம்; அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இணையத்தில் இலவசமாகத் தரும் தொகுப்பு அது. ஒரு மருந்து ஆகாது என்றால் அதற்கு மாற்று எது என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.