மொண்ணைக் கத்திதான் கையை வெட்டும்!

சட்டைப் பையில் அடங்கும் பீங்கான் சாணைக்கல்: பார்த்து வாங்குவது எப்படி? பழுதில்லாமல் தீட்டுவது எப்படி?

தக்காளிப் பழத்தின் மேல் கத்தியை வைக்கிறீர்கள். கத்தி இறங்கவில்லை. கொஞ்சம் அழுத்துகிறீர்கள். தோல் குழிகிறது, கிழியவில்லை. இன்னும் அழுத்துகிறீர்கள். திடீரென்று கத்தி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எங்கே? இடது கை விரலுக்கு!

"கத்தி ரொம்பக் கூர். அதுதான் வெட்டிவிட்டது" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. கூரான கத்தி, வைத்த இடத்தில் இறங்கும். மொண்ணைக் கத்தி வழுக்கும். அழுத்தும் கைக்கு வேகம் இருக்கிறது; நிறுத்தும் சக்தி இல்லை. அதனால் காயம் ஆழமாக விழுகிறது.

என் தாயாருக்கு வயது 72. ஒரு நாள் காலையில் வெங்காயம் நறுக்கும்போது, இப்படித்தான் கட்டைவிரலை வெட்டிக்கொண்டார். நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. அந்தக் கத்தியை எடுத்துப் பார்த்தேன். அதைக் கொண்டு வெண்ணெயைக்கூட நேராக வெட்ட முடியாது! அதன் பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பீங்கான் சாணைக்கல் வந்தது.

சாணைக்காரர் வரும் வரை காத்திருப்பதா?

சாணைச் சக்கரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, தெருத் தெருவாகக் குரல் கொடுத்து வரும் சாணைக்காரரை யாவரும் அறிவர். சைக்கிளிலேயே சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு வருகிறவரும் உண்டு. ஆனால் நம் கத்தி மழுங்கும் நாளில் அவர் வருவார் என்று சொல்ல முடியுமா? பல தெருக்களில் அவர் வருவதே நின்றுவிட்டது.

இன்னொரு விஷயம். சக்கரத்தில் வைத்தால் பொறி பறக்கிறது அல்லவா? அந்தப் பொறி முழுவதும் நம் கத்தியின் எஃகுதான். கத்தி வாய் பெயர்ந்து பல் பல்லாகப் போய்விட்டால், அவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். அந்த வேலை அவருக்குத்தான் கைவந்தது. சாதாரணமாக மழுங்கியதற்கு அவ்வளவு எஃகை இழக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷம் வீட்டிலேயே தீட்டினால் போதும்.

ஏன் போதும் என்கிறேன்? கத்தியின் வாய், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. பலகையில் படப் பட, அந்த மெல்லிய வாய் தேய்வதற்கு முன்பே ஒரு பக்கமாக மடிந்துவிடுகிறது. புத்தகத் தாளின் ஓரம் மடிந்துபோவது போல. மடிந்ததை நிமிர்த்தி, லேசாகச் சீவிவிட்டால் கூர் திரும்பி வந்துவிடும்.

பீங்கானா எஃகைத் தீட்டும்?

பலருக்கு இந்தச் சந்தேகம் வரும். டீ குடிக்கும் பீங்கான் கோப்பை கீழே விழுந்தால் உடைகிறது. அது எப்படி எஃகைத் தேய்க்கும்? உடைவது வேறு, கடினம் வேறு. கண்ணாடி உடையும், ஆனாலும் நகத்தால் அதைக் கீற முடியுமா?

எந்தப் பொருள் எந்தப் பொருளைக் கீறும் என்று பார்த்து, ஜெர்மானிய அறிஞர் மோஸ் என்பவர் 1812-ல் ஓர் அளவுமுறை வகுத்தார். அதில் வைரத்துக்கு 10. வீட்டுக் கத்தியின் எஃகு ஏறக்குறைய 6 முதல் 7 வரை. இந்தச் சாணைக்கல்லுக்கு 9! வைரத்துக்கு அடுத்த படி.

இந்தப் பீங்கான், கோப்பை செய்யும் களிமண் அல்ல. அலுமினா என்ற வெண்ணிறப் பொடியை அச்சில் அழுத்தி, 1,500 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள். பூமிக்குள் இயற்கையாக விளைந்த அலுமினாவுக்கு நம் நாட்டில் பழைய பெயர் ஒன்று உண்டு: குருந்தக்கல். மாணிக்கமும் நீலக்கல்லும் அதே இனம்தான். நிறம்தான் வேறு.

பழைய சேலம் மாவட்டம் குருந்தக்கல்லுக்குப் பெயர் போனது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள சித்தம்பூண்டி வட்டாரத்தை, கல் ஆராய்ச்சிக்காரர்கள் இதற்காகவே நன்கு அறிவார்கள். குருந்தக்கல்லைப் பொடித்து, அரக்கில் கலந்து வார்த்து, நம் பெரியவர்கள் சாணைச் சக்கரம் செய்தார்கள். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்கிறார்களே, அது நம்முடைய 'குருந்தம்' கடல் கடந்து போனதுதான்.

அந்தச் சொல் சும்மாவும் இருக்கவில்லை. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் 1891-ல் புதிய கடினப் பொருள் ஒன்றைச் செய்தார். அதில் கரியும் குருந்தமும் கலந்திருப்பதாக எண்ணி, 'கார்பொரண்டம்' என்று பெயர் சூட்டினார். அவர் எண்ணியது தவறு. அதில் குருந்தம் இல்லை. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1954-ல் சென்னையில் 'கார்பொரண்டம் யுனிவர்சல்' கம்பெனி தொடங்கியபோது, தமிழ்ச் சொல் அமெரிக்கா போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது போலாயிற்று! இரும்புக் கடையில் 'கார்பொரண்டம் கல்' என்று கேட்டால் இன்றும் எடுத்துக் கொடுப்பார்கள். சாம்பல் நிறத்தில், செங்கல் போல் கனமாக, எண்ணெயோ தண்ணீரோ விட்டுத் தேய்க்கிற கல் அது. நாம் பேசுவது வெள்ளையாக, வழவழவென்று இருக்கும் சின்னக் கல்லைப் பற்றி.

கடையில் கவனிக்க வேண்டியவை

கையடக்கக் கல் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அகலம் இரண்டு விரல். சமையல் கத்திக்கு இதற்குச் சிறியதாக வாங்காதீர்கள். மூன்று அங்குலத்துக்கும் குறைந்த கல் பேனாக்கத்திக்குத்தான் சரி. கத்தி கல்லை விட்டு நழுவி, பிடித்திருக்கும் கையில் படும்.

கடைக்காரர் 'ரஃப்' வேண்டுமா, 'நைஸ்' வேண்டுமா என்பார். முதல் முறை வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் உள்ளதைக் கேளுங்கள். மிகவும் நைஸான கல் கண்ணாடி போல் இருக்கும். ஏற்கெனவே கூராக உள்ள கத்திக்கு மெருகு ஏற்றத்தான் அது பயன்படும். மழுங்கிய கத்தியை அதில் மணிக்கணக்கில் தேய்த்தாலும் பலன் தெரியாது. ஒரு பக்கம் வைரப்பொடி பதித்த தட்டு, மறுபக்கம் பீங்கான் என்று இரண்டும் சேர்ந்த கல்லும் கிடைக்கிறது. விலை கூடுதல். வீட்டில் கத்திகள் மிகவும் கெட்டுப்போயிருந்தால் அதையே வாங்கலாம். வைரப் பக்கம் வேகமாகச் சீவும். பீங்கான் பக்கம் நயப்படுத்தும்.

கல்லை வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, அதன் மேல் ஓர் இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கல் வளைந்திருக்கிறது. வேண்டாம். வெறும் பீங்கான் கல்லானால், பானை வாங்கும்போது செய்வது போல் சுண்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். தண்ணீர் தெளித்துத் தேய்க்கும் பெரிய கற்களையும் 'செராமிக்' என்றே விற்கிறார்கள். அது வேறு ரகம். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பிளவில் கத்தியை விட்டு இழுக்கிற கருவிகளும் விற்கின்றன. எனக்கு அவை பிடிப்பதில்லை. சுலபம்தான், ஆனால் வாயை வறட்டு வறட்டென்று சுரண்டிவிடுகின்றன.

இரண்டு தவறுகள்

கல் வாங்கிய முதல் வாரம் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கல் என்றால் எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்து, தேங்காய் எண்ணெய் விட்டேன். பலம் கொண்ட மட்டும் அழுத்தித் தேய்த்தேன். கல் கறுத்துப்போயிற்று. கத்தி முன்பு இருந்ததைவிட மோசமாயிற்று!

பீங்கான் கல்லுக்கு எண்ணெய் தேவையில்லை. தண்ணீரும் தேவையில்லை. காய்ந்தபடியே தேய்க்கலாம். அழுத்தவும் கூடாது. கத்தியின் சொந்த எடையும், அதற்கு மேல் ஒரு விரலின் எடையும் போதும்.

தீட்டும் முறை

ஈரத்துணியை நான்காக மடித்து மேசை மேல் விரித்து, அதன் மேல் கல்லை வையுங்கள். கல் நகராது.

கத்தியை எவ்வளவு சாய்ப்பது? முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது. கத்தியின் முதுகுக்கும் வாய்க்கும் இடையே உள்ள அகலத்தைப் பாருங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். அகலம் 3 சென்டிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து 1 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கணக்குப்படி இது ஏறக்குறைய 20 டிகிரி. சமையல் கத்திக்கு இதுதான் ஏற்ற சாய்வு.

பிடிக்கு அருகில் உள்ள பாகத்தைக் கல்லின் ஒரு முனையில் வையுங்கள். கல்லின் மேல் ஒரு மெல்லிய ஏட்டைச் சீவி எடுப்பது போல், வாயை முன்னால் தள்ளுங்கள். தள்ளும்போதே நுனி வரை இழுத்துக்கொண்டு வாருங்கள். சாய்வு மாறக் கூடாது. அவசரம் வேண்டாம். வேகம் சினிமாவுக்குத்தான் அழகு.

சாய்வு சரியா என்று தெரியவில்லையா? கத்தியின் வாய் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். வாயின் விளிம்பு வரை மை அழிந்தால் சரி. மேலே மட்டும் அழிந்து விளிம்பில் மை நின்றால், முதுகை இன்னும் கொஞ்சம் தூக்குங்கள். விளிம்பில் மட்டும் அழிந்தால், கொஞ்சம் தாழ்த்துங்கள்.

ஒரே பக்கத்தைப் பத்துப் பதினைந்து முறை தேய்த்த பிறகு, மறுபக்கத்தை விரலால் பாருங்கள். முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகும்படி விரலை மெதுவாக விட வேண்டும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டாதீர்கள்! விளிம்பில் சொரசொரவென்று மெல்லிய பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு வந்தால்தான், கல் விளிம்பைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் இன்னும் தேயுங்கள். பலர் இங்கேதான் பொறுமை இழந்து, "கல் சரியில்லை" என்று பரணில் போட்டுவிடுகிறார்கள்.

பிசிறு வந்ததும் கத்தியைத் திருப்பி, மறுபக்கத்தையும் அதே போல் தேயுங்கள். அங்கும் பிசிறு வந்த பிறகு, பக்கத்துக்கு ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கடைசி முறை, பூவைத் தடவுவது போல் இருக்க வேண்டும்.

பிறகு கத்தியைக் கழுவித் துடையுங்கள். வாயில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் கறியில் விழலாகாது. கூர் பார்க்கக் கட்டைவிரல் வேண்டாம். இந்தப் பத்திரிகையின் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு (படித்து முடித்த பிறகு!) ஓரத்தில் வெட்டிப் பாருங்கள். கிழியாமல், சிக்காமல் இறங்கினால் வேலை முடிந்தது.

அரிவாள்மனைக்கு என்ன செய்வது?

அரிவாள்மனையைக் கல்லின் மேல் வைக்க முடியாது. கல்லைத்தான் அதன் மேல் கொண்டுபோக வேண்டும். கையடக்கக் கல்லின் சௌகரியம் இதில்தான் தெரியும். பலகையைச் சுவரோடு முட்டுக் கொடுத்து, அசையாமல் வையுங்கள். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். கல்லின் ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து நுனி வரை வளைவோடு சேர்ந்து ஓட்டுங்கள். கல்லைப் பிடித்த விரல்கள் கல்லின் விளிம்புக்கு வெளியே நீளக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

ரொட்டி வெட்டும் ரம்பப்பல் கத்திக்குத் தட்டைக் கல் பயன்படாது. பீங்கானால் செய்த வெள்ளைக் கத்தி வைத்திருப்பவர்கள், அதை இந்தக் கல்லில் தேய்க்காதீர்கள். அதற்கு வைரத் தட்டுதான் வேண்டும்.

கல் வாங்க இப்போது வசதியில்லையா? ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில், பளபளப்புப் பூசாத ஒரு சொரசொரப்பான வளையம் இருக்கும். அவசரத்துக்கு அதிலேயே கத்தியைத் தீட்டலாம். வளையம் குறுகலானது; ஆகையால் கவனம் தேவை. ஊறுகாய் தீர்ந்த ஜாடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!

கல்லைக் காப்பது

தேய்க்கத் தேய்க்கக் கல்லில் கறுப்புக் கோடுகள் விழும். அது கத்தியின் எஃகு. கல்லின் துவாரங்களை அடைத்துக்கொண்டால், பிறகு கல் வழுக்கும். பாத்திரம் தேய்க்கும் பவுடரையும் பச்சை நாரையும் கொண்டு தேய்த்துக் கழுவினால், பழையபடி வெள்ளையாகிவிடும். என் எண்ணெய்க் கல்லும் அப்படித்தான் பிழைத்தது. இந்தக் கல் எளிதில் தேயாது. கீழே விழுந்தால்தான் ஆபத்து. சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாகிவிடும். கல்லோடு வரும் உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கினால், தீட்டிய கூர் ஒரே நாளில் போய்விடும். மரப்பலகைதான் நல்லது. எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கியதும், இரும்புக் கத்தியை உடனே கழுவித் துடைக்க வேண்டும். புளிப்பு, வாயை அரித்துவிடும்.

இன்னும் ஒன்று. கத்தி தீட்டிய அன்று, வீட்டில் உள்ள எல்லோரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மொண்ணைக் கத்தியில் பழகிய கை, பழைய ஞாபகத்தில் அழுத்தும். என் தாயாரிடம் நான் முதலிலேயே சொன்னேன். அவர் கத்தியை வெங்காயத்தின் மேல் வைத்தார். சும்மா வைத்ததுதான். வெங்காயம் இரண்டாயிற்று. "இதை ஏன் ஆறு மாசத்துக்கு முன்னாலேயே செய்யலே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.