முகம் மறைத்தாலும் கை வயதைச் சொல்வது ஏன்?

புறங்கைத் தோல் மெல்லியது. அதன் அடியில் கொழுப்பும் குறைவு. வயது ஏற ஏற அந்தக் கொழுப்பும், தோலைத் தாங்கும் கொலாஜனும் மேலும் குறைவதால் ரத்தக்குழாய்களும் தசைநாண்களும் புடைத்துத் தெரிகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பழுப்புப் புள்ளிகளைச் சேர்க்கின்றன.

எப்படிச் சரிசெய்கிறார்கள்? குறைந்த பருமனை ஊசி வழியாக நிரப்புகிறார்கள். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் துகள்கள் கொண்ட ஜெல்லைப் புறங்கையில் செலுத்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015-ல் அனுமதித்தது. அது புதிய கொலாஜன் உருவாவதையும் தூண்டும்; ஆனால் நாளடைவில் கரைந்துவிடுவதால் மறுபடி போட வேண்டும். சிலருக்கு அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பையே எடுத்துச் செலுத்துவதுண்டு.

புள்ளிகளின் நிறமியை லேசர் சிதைக்கும். மாநிறத் தோலில் அதுவே புதுக் கருமையை உண்டாக்கலாம், கவனம் தேவை. முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீனைப் புறங்கைக்கும் பூசுங்கள். கை கழுவினால் மறுபடி பூசுங்கள். செலவு குறைந்த வழி அதுதான்.