பேரரசு ஒப்பாய்வில் எழுத்தின் இடம்

பேரரசுகளை ஒப்பிடுவோர் பரப்பையும் படைவலியையுமே பெரிதும் அளப்பர். அவை வீழ்ந்தபின் எஞ்சியது யாது என்பதே தலையாய வினா என்பது எம் கருத்து.

சீனத்து ஹான் பேரரசு கி.பி. 220-இல் முடிவுற்றது, மேலை உரோமப் பேரரசு 476-இல் வீழ்ந்தது. சிதறிய சீனம் 589-இல் சுய் மரபினரால் மீண்டும் ஒன்றாயிற்று. உரோமின் பழைய எல்லை முழுதும் ஓராட்சிக்குள் மீளவேயில்லை.

இவ்வேறுபாட்டிற்கு நிலவமைப்பு முதலிய காரணங்கள் பலவுள. அவற்றுள் எழுத்தும் ஒன்று. கி.மு. 221-இல் நாட்டை ஒருங்கிணைத்த சின் பேரரசன் எழுத்தை ஒருமைப்படுத்தினான். சீன எழுத்து சொல்லைக் குறிப்பது. ஆதலின் பேச்சு திரிந்தும் கற்றோர்க்கு நூல்வழக்கு பொதுவாய் நின்றது. உரோமிலோ, கி.பி. 212-இல் காரகல்லா அடிமையல்லாதார் பெரும்பாலார்க்கும் குடியுரிமை ஈந்தும், கிழக்கில் கிரேக்கமே ஓங்கியிருந்தது. மேற்கில் இலத்தீன்வழிப் பேச்சுக்கள் நாளடைவில் தனித்தனி எழுத்துமொழிகளாயின. ஆதலின் பேரரசுகளை ஒப்பிடுவார் வாளோடு ஏட்டையும் நோக்குதல் வேண்டும்.