பழைய காருக்குச் செலவு பண்றதுக்கு ஒரு வரிசை இருக்கு

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீங்க: "பழைய காரை வச்சுக்கிறதா, வித்துடுறதா?" எங்க வீட்டுக் காரை வச்சே பேசிடுறேன்.

2007 மாடல் ஆல்டோ. 796 சிசி, மூணு சிலிண்டர் பெட்ரோல். 15 வருஷம் முடிஞ்சதும் 2022-ல் ஆர்.சி.யை அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சோம். அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்துதான் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. இந்தக் காரை வித்தா வர்ற காசு, புதுக் காரோட ஆறு மாச இ.எம்.ஐ.க்குக் கூட காணாது. அதனால வச்சுக்கிறோம். ஆனா ஒரு விஷயம். அப்பா மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவைக் கூட்டிக்கிட்டு வால்பாறைக்குப் போவார், பாட்டி அங்கதான் இருக்காங்க. ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுறதை விட இறங்குறதுதான் எனக்குக் கவலை.

அதனால வீட்ல ஒரு வரிசை போட்டேன். முதல்ல வண்டி நிக்கணும், அப்புறம் ரோடு தெரியணும், அதுக்கப்புறம்தான் ஓடுறது. அழகு கடைசி.

நிக்கிறதுல எல்லாரும் மறக்கிறது பிரேக் ஆயில். அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினதுக்கு அப்புறம் தர அளவு 140 டிகிரிதான். மலை இறங்கும்போது பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா அந்தச் சூடு காலிப்பர் வழியா ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதிச்சா ஆவி. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. பேட் புதுசா இருந்தாலும் இதேதான்.

ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தி, நாலு சக்கரத்துலயும் ஏர் எடுக்கச் சொல்லுங்க. மேல கொஞ்சம் ஊத்திவிடுறது மாத்துறது ஆகாது. சொல்லப்போனா, அப்படி ஊத்துறது ஒரு எச்சரிக்கையை அழிச்சுடுது. டப்பாவுல அளவு குறையுதுன்னா பேட் தேயுது, இல்லைன்னா எங்கேயோ கசியுது. பேர்ல ஆயில்னு இருக்கேன்னு இன்ஜின் ஆயிலை ஊத்திடாதீங்க, ரப்பர் சீல் எல்லாம் ஊதிப்போயிடும். இறங்கும்போது செகண்ட் கியர்ல விடுங்கன்னு அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அடுத்து டயர். குறைவா ஓடுற காருக்கு டயர் தேயுறதுக்கு முன்னாடியே வயசாயிடும். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2317-ன்னா 2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருக்கேன்னு நம்பாதீங்க, ஓரத்துல பொடி வெடிப்பு இருக்கான்னு பாருங்க.

தெரியுறது: ஹெட்லைட். மங்கலா எரியுதுன்னு உடனே 100 வாட் பல்பு போடுறாங்க. ஹோல்டர் உருகும், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பழைய கார்ல கரண்ட் ஸ்டீயரிங் பக்கத்து சுவிட்ச் வழியா சுத்தி வரும், வழியிலேயே வோல்டேஜ் குறையும். ஹாலஜன் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைஞ்சுடும். பேட்டரியில இருந்து நேரா ரிலே வச்ச வயரிங் கிட் போட்டேன், பல்பு அதே 60/55 வாட்தான். மஞ்சளாகிப்போன கண்ணாடியைத் தண்ணி விட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாள்ல தேய்ச்சு பாலிஷ் போட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலி. இந்தக் கார்ல நான் செஞ்சதுலயே ரொம்பத் திருப்தியான வேலை இதுதான்.

ஓடுறதுக்கு வருவோம். போன கோடையில மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் ஏறிக்கிட்டே போச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஹெட்டைக் கழட்டணும், 22,000 ஆகும்னாங்க. ரெண்டாவது மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டர் மூடியைக் கழட்டிப் பார்த்தார். ஸ்பிரிங் தளர்ந்திருந்துச்சு. அந்த மூடி உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வச்சாத்தான் கொதிநிலை 100-க்கு மேல போகும். பிடிக்கலைன்னா கூலன்ட் வெளியே போயிடும். மூடி மாத்தினோம், சில நூறு ரூபாய்ல முடிஞ்சுது. அதனால பெரிய வேலைன்னு யார் சொன்னாலும் சின்னதுல இருந்து சரிபாருங்க. நாம கோடுல பிழை தேடுற மாதிரியேதான்.

சில பேர் ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட்டையே கழட்டிப் போட்டுடுவாங்க. நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். அப்புறம் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலா குடிக்கும். போர் தண்ணி ஊத்துறதும் வேண்டாம், உப்பு உள்ள படியும்.

பெட்ரோல் ஓஸ் இப்ப முக்கியம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக இந்த வயசு கார்களோட ரப்பரைச் செய்யலை. ஓஸ் கெட்டியாயிருக்கா, வெடிச்சிருக்கா, பெட்ரோல் வாடை வருதான்னு ஒவ்வொரு சர்வீஸ்லயும் பார்க்கச் சொல்லுங்க. டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். கிலோமீட்டர் கம்மின்னு விடாதீங்க, வருஷத்தைக் கணக்கு பண்ணுங்க.

சீட் கவர் கிழிஞ்சேதான் இருக்கு. அம்மா தினமும் சொல்றாங்க. 2027-ல் மறுபடி எஃப்.சி.க்கு நிறுத்தணும், அதுக்கு முன்னாடி சஸ்பென்ஷன் புஷ் மாத்தணும், காசு அதுக்குத்தான் போகுது. உங்க வண்டி எந்த வருஷத்து மாடல், கடைசியா பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.