ஆவடிக்கு இரண்டு வழியில் வந்த ‘டேங்க்’

ஆவடியில் இறங்கி ‘டேங்க் ஃபேக்டரி’ என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். பெயர்ப்பலகையில் இருப்பது கனரக வாகனத் தொழிற்சாலை. 1965இல் முதல் விஜயந்தா போர் டேங்க் அங்கிருந்துதான் வெளியே வந்தது. அதே ஊரில் வீட்டு மாடியில் இருப்பதும் டேங்க், கோடையில் தெருவுக்குள் நுழைவது டேங்கர் லாரி. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி எல்லாம் ஆங்கில ஆவணங்களில் டேங்க்தான்.

போர் ஊர்திக்கும் தண்ணீருக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது?

முதல் உலகப் போரின்போது, சங்கிலிப் பட்டையில் ஊரும் இரும்பு வண்டியை பிரிட்டன் ரகசியமாகச் செய்துகொண்டிருந்தது. அந்த வேலையைக் கவனித்தது ‘தரைக்கப்பல் குழு’. பெயரே குட்டை உடைத்துவிடும் என்று பயந்தார்கள். 1915 டிசம்பரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எர்னஸ்ட் ஸ்விண்டனும் உடனிருந்தவரும் மறைபெயர் தேடினார்கள். கொள்கலன், நீர்த்தேக்கம் என்ற பொருளில் சில சொற்களைப் பார்த்துவிட்டு, கடைசியில் எடுத்தது ‘டேங்க்’. 1916 செப்டம்பர் 15 அன்று அந்த வண்டி சோம் போர்க்களத்தில் இறங்கியது. ரகசியம் வெளிப்பட்ட பிறகும் பெயர் போகவில்லை.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அப்போது சுமார் 300 வயது. அதை இந்தியக் கரையில்தான் ஆங்கிலேயர் பழகினார்கள். நிலத்தடி நீர்த்தொட்டிக்கான குஜராத்திச் சொல்லா, போர்ச்சுகீசியரின் ‘டாங்கே’யா, எது தாய் என்ற வழக்கு முடியவில்லை. 1886இல் யூலும் பர்னெலும் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் அதை அலசுகிறது. போர்ச்சுகீசியச் சொல்லை, குளத்தைக் குறிக்கும் லத்தீன் ‘ஸ்டாக்னம்’ வரை கொண்டுபோவோர் உண்டு. அப்படியானால் தேங்கிய நீரைச் சொல்லும் ‘ஸ்டாக்னன்ட்’ இதற்கு நெருங்கிய உறவு.

பூந்தமல்லி சாலையில் இருக்கும் ஐயப்பன்தாங்கல் ஒரு ஆசையைக் கிளப்பும். தாங்கல் என்றால் சிறு ஏரி. டேங்க் அதிலிருந்து பிறந்திருக்குமோ? ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. தாங்கல் நம்முடைய ‘தாங்கு’ என்ற வினையின் பிள்ளை. இலங்கைத் தமிழர் அந்த ஒலி நெருக்கத்தை அழகாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்: தண்ணீர்த் தாங்கி, யுத்த தாங்கி.

இதில் வருத்தம் ஒன்று உண்டு. பாசனத்துக்கு ஏரி, குடிக்க ஊருணி, கோயிலுக்குத் தெப்பக்குளம், தெற்கே கண்மாய் என்று வேலையும் வட்டாரமும் பார்த்து வைத்த பெயர்கள் எல்லாம் ஆங்கிலக் கோப்புக்குள் போனதும் டேங்க் என்ற ஒரே சொல்லாகிவிட்டன. தாங்கல் மட்டும் மாநகரப் பேருந்தின் பெயர்ப்பலகையில் ஏறி, ஐயப்பன்தாங்கலுக்கும் நகரத்துக்கும் தினமும் போய்வருகிறது.