புயல் ஓய்ந்ததும் செய்ய வேண்டியவை

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது, காவிரி டெல்டாவில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் விழுந்த மரத்தை அப்புறப்படுத்தவே கை பரபரக்கும். அதற்கு முன் சேதத்தைப் படமெடுத்து வைப்பது அவசியம்.

பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமானால் அரசு நிவாரணம் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடமும் உதவி வேளாண்மை அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். பட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களை நனையாத பையில் வையுங்கள். மாடு, ஆடு இறந்தால், புதைக்குமுன் கால்நடை மருத்துவரிடம் சான்று பெறுங்கள்.

பயிர்க் காப்பீடு தனி. அறுத்து வயலில் காயும் கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் கெட்டால், 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

மகனோ கணவரோ ராணுவத்தில் இருக்க, வீட்டில் பெண்களும் முதியவர்களும் மட்டும் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடுங்கள். பெயரில் 'முன்னாள்' இருந்தாலும், பணியில் உள்ளோர் குடும்பத்துக்கும் அது வழிகாட்டும்.

வெள்ளத்தில் சிக்கினால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. இன்றே வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.